வாடகையில் மிச்சமாகும் பணம் யாருடையது?

பெரிய வாடகை வீட்டை விட்டுச் சிறிய வாடகை வீட்டுக்குப் போய், மிச்சமாகும் பணத்தைச் சேர்த்துச் சொந்த வீடு வாங்கலாம் என்ற யோசனை நம் வணிகக் குடும்பங்களில் அடிக்கடி எழுகிறது. இரவு கடை அடைத்து வந்து சாப்பிட உட்காரும்போது பேசப்படும். பல வீடுகளில் அத்தோடு நின்றுவிடும். துணிந்து மாறியவர்களும் உண்டு. அவர்களில் சிலர் ஐந்தாறு ஆண்டுகளில் சொந்த வீட்டுக்குப் பால் காய்ச்சியிருக்கிறார்கள். வேறு சிலர் அதே சிறிய வீட்டில், கையில் சேமிப்பு எதுவும் இல்லாமல், இன்னும் இருக்கிறார்கள். இரு சாராருக்கும் வியாபாரம் ஏறக்குறைய ஒன்றுதான். வேறுபாடு எங்கே வந்தது என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டைச் சுருக்கிச் சேமிப்பது நல்ல வழி. ஆனால் அப்படி மிச்சமாகும் பணம் ஒரு நாள்கூடக் கடைக் கல்லாவில் தங்கக் கூடாது. அது குடும்பத்தின் பணம். அதைக் கடை தொட்டுவிட்டால், குடும்பம் பட்ட நெருக்கடிக்குப் பலனே இல்லாமல் போகும்.

கணக்கைப் பார்ப்போம்

வியாபாரிக்குக் கணக்குதான் சாட்சி. ஆகவே ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாவட்டத் தலைநகர் ஒன்றில் மளிகைக் கடை நடத்தும் குடும்பம், மாதம் 17,000 ரூபாய் வாடகையில் இருக்கிறது என்று வைத்துக் கொள்வோம். 10,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு மாறினால் மாதம் 7,000 ரூபாய் மிச்சம் என்று தோன்றும். உண்மையில் அவ்வளவு மிஞ்சாது. பள்ளி வேன் கட்டணம் கூடும். கடைக்குப் போய்வரப் பெட்ரோல் கூடும். ஆயிரம் ரூபாயைக் கழித்துவிட்டு, 6,000 ரூபாய் என்று எடுத்துக் கொள்வதே சரி.

இந்த 6,000 ரூபாயை அஞ்சலகத்தில் ஐந்தாண்டுத் தொடர் வைப்பில் மாதந்தோறும் கட்டினால் என்ன வரும்? 2023 அக்டோபரில் நிர்ணயிக்கப்பட்ட 6.7 சதவிகித வட்டிப்படி கணக்கிட்டால், 60 மாத முடிவில் சுமார் 4 இலட்சத்து 28 ஆயிரம் ரூபாய். கட்டிய தொகை 3 இலட்சத்து 60 ஆயிரம், மீதி வட்டி.

அடுத்து முன்பணம். பழைய வீட்டுக்கு ஓர் இலட்சம் கொடுத்திருந்தால், புதிய வீட்டுக்கு மூன்று மாத வாடகையாக 30,000 கொடுத்தது போக 70,000 திரும்பி வரும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையைத்தான் முன்பணத்துக்கு அளவாக வைத்திருக்கிறது. கேட்பவர்கள் ஐந்து, பத்து மாதம் என்று கேட்கத்தான் செய்கிறார்கள்; சட்டத்தைச் சொல்லிப் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. பழைய வீட்டுக்கு வெள்ளையடித்துக் கொடுப்பது, தரகு, சாமான் ஏற்றி இறக்கும் கூலி என்று 25,000 ரூபாய் போனாலும் 45,000 மிஞ்சும். இரண்டையும் கூட்டினால் 4 இலட்சத்து 73 ஆயிரம்.

இதனால் வீடு வந்துவிடுமா? வராது. ஆனால் எது வரும் என்று பாருங்கள். 40 இலட்ச ரூபாய் வீட்டுக்கு ரிசர்வ் வங்கியின் விதிப்படி வங்கிகள் அதிகபட்சம் 80 சதவிகிதம், அதாவது 32 இலட்சம்தான் கடன் தரலாம். மீதி 8 இலட்சம் நம் கையிலிருந்து வர வேண்டும். அதற்கு மேல் பத்திரச் செலவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் வீடு, மனை கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 40 இலட்சத்துக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு இந்தப் பத்திரச் செலவை வீட்டின் விலையோடு சேர்த்துக் கடனுக்குக் கணக்கிட ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அதை முழுவதும் நாமே கட்ட வேண்டும். ஆக, கையில் இருக்க வேண்டிய தொகை 11 இலட்சத்து 60 ஆயிரம். சிறிய வீட்டில் ஐந்தாண்டு இருந்து சேர்த்த பணம் அதில் ஐந்தில் இரண்டு பங்கு. பத்திரச் செலவு முழுவதையும் கட்டி, அதற்கு மேலும் ஓர் இலட்சம் மிஞ்சும்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 9 சதவிகித வட்டியில் 20 ஆண்டுக் கடன் என்றால், ஒவ்வோர் இலட்சத்துக்கும் மாதத் தவணை சுமார் 900 ரூபாய். 240 மாதம் கட்டி முடிக்கும்போது ஓர் இலட்சத்துக்கு 2 இலட்சத்து 16 ஆயிரம் கட்டியிருப்போம். நாம் முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் ஒவ்வோர் இலட்சமும் இந்தச் சுமையைக் குறைக்கிறது. அரிசி மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைத்துக் கொள்முதல் செய்ய நாள் முழுதும் தொலைபேசியில் பேரம் பேசுகிறவர்கள் நாம். இந்தக் கணக்கை மட்டும் ஏன் பாராமல் விடுகிறோம்?

நெருக்கடி யாருக்கு?

வீட்டைச் சுருக்கும்போது சிரமப்படுகிறவர் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் காலை ஆறு மணிக்குப் போய் இரவு பத்து மணிக்குத் திரும்புகிறார். அவருக்கு வீடு என்பது படுத்து எழும் இடம். அறை ஒன்று குறைந்தால் அவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. நாள் முழுதும் அந்த வீட்டில் இருப்பவர்கள் மனைவியும், வயதான தாய் தந்தையரும், பிள்ளைகளும். சமையலறையில் ஒருவர் நின்றால் மற்றவர் நுழைய முடியாது. பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண், பாட்டி தூங்கும் அறையில் விளக்கைப் போட்டுப் படிக்க வேண்டும். ஊரிலிருந்து உறவினர் வந்தால் ஆண்கள் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். தண்ணீர் பிடிக்கும் நேரம், துணி காயப் போடும் இடம் எல்லாவற்றிலும் பக்கத்துக் குடித்தனத்தோடு அனுசரித்துப் போக வேண்டும்.

இந்தச் சிரமங்களுக்குத்தான் மாதம் 6,000 ரூபாய் கிடைக்கிறது. ஈட்டித் தருகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள். கடை விற்பனையில் வரும் இலாபத்தைப் போல இதைக் கடைக்காரர் தம் விருப்பப்படி எடுத்தாள்வது நியாயமாகாது. நான் இந்தப் பணம் குடும்பத்தின் பணம் என்று சொல்வதற்கு இதுவே காரணம். உணர்ச்சிக்காகச் சொல்லவில்லை, பற்று வரவு முறைப்படியே சொல்கிறேன். யார் கணக்கில் செலவோ, அவர் கணக்கில்தான் வரவும் எழுதப்பட வேண்டும்.

கடை எப்படி விழுங்குகிறது?

மாதச் சம்பளக்காரர் வாடகையைக் குறைத்தால், மிச்சம் அவர் வங்கிக் கணக்கில் கண்ணுக்குத் தெரியும். நமக்கு அப்படி இல்லை. வீட்டுச் செலவும் கடைச் செலவும் ஒரே கல்லாவிலிருந்து போகின்றன. இப்போது வாடிக்கையாளர் க்யூ.ஆர். அட்டையில் செலுத்தும் பணமும் ஒரே நடப்புக் கணக்கில் விழுகிறது. அதிலிருந்துதான் சரக்குக்கும் போகிறது, வீட்டுக்கும் போகிறது. வாடகை 7,000 ரூபாய் குறைந்தால் எங்கும் 7,000 ரூபாய் தனியாகத் தெரியாது. கல்லாவில் கொஞ்சம் தாராளமாக இருப்பது போல் தோன்றும், அவ்வளவுதான்.

தாராளமாகத் தோன்றினால் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரியாததா? துவரம்பருப்பு ஏறப்போகிறது என்று மண்டியிலிருந்து தகவல் வரும். இரண்டு மூட்டை கூடுதலாக இறக்குவோம். இத்தனை பெட்டி எடுத்தால் ஒரு பெட்டி இலவசம் என்று விற்பனைப் பிரதிநிதி வந்து நிற்பார்; எடுத்துப் போடுவோம். பழைய வாடிக்கையாளர் நோட்டில் பாக்கி கொஞ்சம் நீளும். கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுவோம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், குடும்பம் நெருக்கிக் கொண்டு மிச்சம் பிடித்த பணம் அலமாரியில் சோப்பாகவும், நோட்டில் பாக்கியாகவும் இருக்கும்.

இதற்கு நம்மவர்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அதை இலேசாகத் தள்ளிவிட முடியாது. "வங்கியில் ஆண்டுக்கு ஆறே முக்கால் வட்டி கூட இல்லை. அதே பணத்தைக் கடையில் போட்டால் மாதத்துக்கு இரண்டு தடவை புரளும். பணத்தை முடக்கலாமா?" என்பார்கள். கேட்பதற்குச் சரியாகவே இருக்கிறது. வியாபாரத்தில் புரளும் பணம் வங்கி வட்டியைவிட அதிகம் தரும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மூன்று செய்திகளைக் கவனியுங்கள். முதலாவது, எல்லாப் பணமும் புரள்வதில்லை. வேகமாக விற்கும் சரக்குக்கு வேண்டிய முதல் ஏற்கெனவே கடையில் இருக்கிறது. கூடுதலாக வரும் பணம் பெரும்பாலும் மெதுவாக விற்கும் சரக்கிலும் கடன் பாக்கியிலும்தான் போய் நிற்கிறது. இரண்டாவது, வீட்டுக் கடனுக்குப் போகும்போது வங்கி மேலாளர் நம் அலமாரிச் சரக்கை முன்பணமாக ஏற்றுக்கொள்ள மாட்டார். அவர் கேட்பது கையிருப்புப் பணம், இரண்டு மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்குப் புத்தகம். மாதம் தவறாமல் கட்டிய தொடர் வைப்புப் புத்தகம் கையில் இருந்தால், தவணை கட்டும் பழக்கம் இருக்கிறது என்பதற்கு அதுவே அத்தாட்சி. மூன்றாவதுதான் முக்கியம். தனி உரிமையாளர் கடையில் நஷ்டம் வந்தால், கடைக் கடனுக்கு அவருடைய சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். ஆபத்துக் காலத்தில் கடையில் உள்ளதெல்லாம் முதலில் போகும். குடும்பத்துக்கு ஒரு கூரை வேண்டும் என்று சேர்க்கும் பணத்தை அதே ஆபத்தில் கொண்டுபோய் வைப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

மகமை காட்டும் வழி

இதற்கு வழி தேடி நாம் வெளியே போக வேண்டியதில்லை. தென்மாவட்ட வணிகர்களுக்கு மகமை என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. மற்றப் பகுதி உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். வாங்கும், விற்கும் சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று பொதுக் காரியத்துக்காக எடுத்து வைப்பது மகமை. இலாபம் வந்ததா, நஷ்டம் வந்ததா என்று பார்த்து எடுப்பதல்ல அது. சரக்கு கைமாறும்போதே எடுத்துவிட வேண்டும். அப்படிச் சிறுகச் சிறுகச் சேர்ந்த பணத்தில்தான் பேட்டைகளும் கிணறுகளும் கோயில் திருப்பணிகளும் நடந்தன. விருதுநகரில் 1889இல் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது அப்படிப்பட்ட பொதுப் பணத்தில்தான். எடுத்து வைத்த மகமையிலிருந்து அந்த வார அவசரத்துக்குக் கொஞ்சம் சரக்கு போட்டுக் கொள்ளலாம் என்று எந்தக் கடைக்காரரும் நினைத்ததில்லை. அது தம் பணம் அல்ல என்ற எண்ணம் மனத்தில் ஊறியிருந்தது.

வாடகை மிச்சத்தையும் அப்படியே வீட்டு மகமையாக எண்ண வேண்டும் என்பது என் யோசனை. மாதக் கடைசியில் இருந்தால் பார்க்கலாம் என்பது உதவாது. 6,000 ரூபாயை முப்பது நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 200 ரூபாய். இரவு கல்லா எண்ணும்போது முதலில் 200 ரூபாயை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பிறகு மீதியை எண்ணுங்கள். தினசரி வரவை நம்பி வாழ்கிறவர்களுக்குத் தினசரிச் சேமிப்புதான் பொருந்தும். 1928இல் கன்னட நாட்டுக் கடற்கரைப் பகுதியில், பின்னாளில் சிண்டிகேட் வங்கி என்று பெயர் பெற்ற வங்கி, வீடு வீடாகவும் கடை கடையாகவும் ஆள் அனுப்பிச் சிறு தொகை திரட்டும் பிக்மி சேமிப்புத் திட்டத்தைத் தொடங்கியது இதை உணர்ந்துதான். அந்த வங்கி 2020இல் கனரா வங்கியோடு இணைந்துவிட்டது. ஆனால் தினசரிச் சேமிப்பு முறை பல வங்கிகளிலும் கூட்டுறவு நிறுவனங்களிலும் இன்றும் இருக்கிறது.

கணக்கு எந்தப் பெயரில் இருக்க வேண்டும்? மனைவி பெயரிலோ, இருவர் பெயரிலும் கூட்டாகவோ இருப்பது நல்லது. எடுக்க இருவர் கையொப்பம் வேண்டும் என்று இருந்தால், பருப்பு விலை ஏறும்போதெல்லாம் அதில் கை வைக்கத் தோன்றாது. கணவர் கொடுத்த பணத்துக்கு வரும் வட்டி வருமான வரிக்குக் கணவர் வருமானத்தோடு சேரும். இதை உங்கள் கணக்காளரிடம் கேட்டு முறையாகக் காட்டிவிடுங்கள். சீட்டுப் போடுவதானால் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டாக இருக்கட்டும். தெரிந்தவர் நடத்துகிறார் என்பது பாதுகாப்பு ஆகாது.

ஆடி மாதத்திலும் மார்கழியிலும் விற்பனை மந்தமாக இருக்கும்போது 200 ரூபாய் எடுப்பது கஷ்டமாக இருக்கும். அந்தக் கஷ்டமும் ஒரு பாடம்தான். நாளை வீட்டுக் கடன் தவணை ஆடி மாதத்துக்காகக் காத்திருக்காது. தவணையும் ஒரே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை பத்து மாதத்துக்குள் ரிசர்வ் வங்கி தன் ரெப்போ வட்டியை 4 சதவிகிதத்திலிருந்து ஆறரை சதவிகிதத்துக்கு உயர்த்தியது. மாறும் வட்டியில் 20 ஆண்டுக் கடன் வாங்கியவருக்கு வட்டி ஆறே முக்காலிலிருந்து ஒன்பதே காலுக்குப் போனால், ஓர் இலட்சத்துக்கு 760 ரூபாயாக இருந்த தவணை 915 ரூபாய் ஆகும். 32 இலட்சக் கடனுக்கு மாதம் ஏறத்தாழ 5,000 ரூபாய் கூடுதல். தவணையை உயர்த்தாவிட்டால் கடன் காலம் நீளும். சிறிய வீட்டில் இருந்துகொண்டு ஐந்தாண்டு தவறாமல் எடுத்து வைத்த குடும்பம் இந்த அதிர்ச்சியைத் தாங்கும். தங்கள் கடை எவ்வளவு தாங்கும் என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருக்கும்.

எல்லாருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. வீட்டிலேயே சரக்கு வைத்திருப்பவர், வீட்டைச் சுருக்கி வெளியே கிடங்கு வாடகைக்கு எடுத்தால் மிச்சம் அதிலேயே போய்விடும். கடைக்கு நடந்து வரும் தூரத்தில் இருப்பவர், ஊருக்கு வெளியே போனால் மதியச் சாப்பாட்டுக்குக் கடையைப் பூட்ட வேண்டிவரும். அல்லது ஆள் வைக்க வேண்டிவரும். படுக்கையில் இருக்கும் பெரியவர்கள் உள்ள குடும்பம், மாடிப்படி ஏறும் வீட்டுக்குப் போகக் கூடாது. பிள்ளைகள் பொதுத் தேர்வு எழுதும் ஆண்டில் வீடு மாறுவதும் வேண்டாம், ஓராண்டு பொறுக்கலாம். அறையைக் குறைக்கலாம், காற்றையும் தண்ணீரையும் குறைக்கக் கூடாது. அதில் மிச்சம் பிடிப்பது மருத்துவச் செலவில் போய்விடும்.

மாத வாடகையே இல்லாமல் ஒத்திக்குப் போய்விடலாம் என்று சிலர் நினைப்பார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, திரும்பப் பெறும்வரை வாடகையின்றி இருப்பது கவர்ச்சியான ஏற்பாடுதான். ஆனால் வெறும் இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதிக் கொள்வதோடு பலர் விட்டுவிடுகிறார்கள். 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டப்படி நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இத்தகைய அடமானம் பதிவு செய்யப்பட வேண்டும். வில்லங்கச் சான்று பார்க்காமல், பதிவு செய்யாமல், பல இலட்சத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதே வீட்டின் மேல் வங்கிக் கடன் இருக்கிறது என்று தெரிந்தால் என்ன செய்வது? வீட்டுக்காகச் சேர்த்த பணத்தை ஒத்தியில் வைப்பவர்கள் வழக்கறிஞரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

கால வரையறையும் வேண்டும். வீட்டு விலை ஆண்டுக்கு 5 சதவிகிதம் ஏறினால்கூட, இன்று 40 இலட்சம் உள்ள வீடு ஐந்தாண்டில் 51 இலட்சம் ஆகும். நாம் சேர்ப்பதைவிட விலை முந்திக்கொண்டு ஓடும். ஆகவே மூன்றாண்டு அல்லது ஐந்தாண்டு என்று தேதி வைத்துக் கொள்ள வேண்டும். தேதியைக் குடும்பத்தாரிடம் சொல்லிவிட வேண்டும். இத்தனை நாளைக்குத்தான் இந்த நெருக்கடி என்று தெரிந்தால் பிள்ளைகளும் பொறுத்துக் கொள்வார்கள். தேதி இல்லாத சிக்கனம் சலிப்பில்தான் முடியும். அந்தத் தேதியில் வீட்டுக்குப் போதாவிட்டால் மனைக்குப் போதுமா என்று பாருங்கள். அங்கீகாரம் பெற்ற மனையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 2025 ஏப்ரல் முதல் பத்து இலட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவிகிதம் சலுகை உண்டு. இல்லத்தரசியின் பொறுமையில் சேர்ந்த பணத்தில் வாங்கும் மனை அவர் பெயரில் இருப்பது பொருத்தமும்கூட.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்வளவும் தெரிந்திருந்தும் நம்மில் பலர் தயங்குவதற்கு ஒரே காரணம் கௌரவம். அது வெறும் வீண் பெருமை என்று நான் சொல்ல மாட்டேன். வியாபாரிக்குப் பெயர்தான் முதல். "அவர் பெரிய வீட்டைக் காலி செய்துவிட்டாராமே, கடை சரியாக ஓடவில்லையோ?" என்ற பேச்சு கடைவீதியில் கிளம்பினால், மறுவாரமே மண்டியில் இருபது நாள் தவணை பத்து நாளாகும். பத்து நாள் தவணை ரொக்கமாகும். 6,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், இரண்டு இலட்ச ரூபாய்ச் சரக்குக் கடனை இழந்தால் யாருக்கு இலாபம்? தயங்குகிறவர்களின் பயம் நியாயமானதே.

இந்தப் பயத்தைப் போக்கும் பொறுப்பு சரக்குக் கொடுப்பவர்களுக்கு இருக்கிறது. மொத்த வியாபாரிகளே, சில்லறை வியாபாரியின் நாணயத்தை அவர் குடியிருக்கும் வீட்டை வைத்து அளக்காதீர்கள். அவர் பேரேட்டை வைத்து அளந்து பாருங்கள். சொன்ன தேதியில் பணம் வருகிறதா? கொடுத்த காசோலை திரும்பாமல் இருக்கிறதா? ஆண்டுக்கு ஆண்டு கொள்முதல் குறையாமல் இருக்கிறதா? இவை சரியாக இருந்தால் அவர் ஓட்டு வீட்டில் இருந்தால் என்ன, ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தால் என்ன? உண்மையில் பயப்பட வேண்டியது, வருமானத்துக்கு மீறிய வாடகை கொடுத்துக்கொண்டு, அதை உங்கள் சரக்குப் பணத்திலிருந்து ஈடுகட்டுகிறவரைக் கண்டுதான். தம் வீட்டைச் சுருக்கிக் கொள்ளத் துணிந்தவர் கணக்கறிந்தவர். அவருக்கு ஐந்து நாள் தவணை கூட்டிக் கொடுத்தாலும் உங்களுக்கு நஷ்டம் வராது.

சில்லறை வியாபாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மறைத்து மறைத்து வீடு மாறினால்தான் பேச்சு கிளம்பும். சரக்குக் கொடுப்பவரிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள்: "சொந்த வீட்டுக்குச் சேர்க்கிறோம் அண்ணாச்சி, அதற்காகச் சின்ன வீட்டுக்குப் போகிறோம்." இதில் குனிந்து சொல்ல ஒன்றுமில்லை. மாறிய முதல் மூன்று மாதம் அவருக்குத் தர வேண்டிய பணத்தை ஒரு நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். வதந்திக்கு அதைவிட நல்ல மறுப்பு கிடையாது.

நம் சங்கம் செய்யக் கூடியதும் உண்டு. உறுப்பினர்களின் பணத்தைச் சங்கம் வாங்கி வைத்துக் கொள்ள வேண்டாம். அது சட்டச் சிக்கல், மனச் சிக்கல் இரண்டையும் கொண்டுவரும். ஆண்டுக்கு ஒரு முறை வங்கி அலுவலர் ஒருவரைச் சங்கக் கட்டடத்துக்கு அழைத்து, தினசரிச் சேமிப்பு, வீட்டுக் கடன் விதிகள் பற்றி விளக்கச் செய்யலாம். அன்றே கணக்குத் தொடங்க ஏற்பாடு செய்யலாம். பத்திரம் பார்த்துச் சொல்ல ஒரு வழக்கறிஞரை நியமித்து, உறுப்பினர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் உதவச் செய்யலாம். அந்தக் கூட்டத்துக்கு உறுப்பினர்கள் தங்கள் இல்லத்தரசிகளையும் அழைத்து வர வேண்டும். சேமிக்கப் போகிறவர்கள் அவர்கள்தானே?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். சிறுகக் கட்டிப் பெருக வாழ் என்பதும் நம் பெரியவர்கள் வாக்குதான். நான் சொல்வது அதற்கும் ஒரு படி முந்தியது: கட்டுவதற்கு முன்பே சிறுக இருக்கப் பழகுங்கள். ஆனால் வீட்டாரைச் சிறிய வீட்டில் வைத்துவிட்டு, அவர்கள் விட்டுக்கொடுத்த அறையின் வாடகையில் கடைக்குச் சரக்கு போடாதீர்கள். இன்று இரவு கல்லாவை எண்ணும்போது முதல் 200 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். எடுத்ததை வீட்டில் கொடுத்து, யார் கணக்கில் அது சேர்கிறது என்பதை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.